தேய்ந்த பல்

மலாயாவில், கெமாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் கன்னத்தைப் பிடித்தபடி, எங்களை வேலை வாங்கும் மண்டோர். காலையில்தான் துரை அவரை எல்லோர் முன்னாலும் ஏசியிருந்தார். மண்டோருக்கு முன்னால் ஒரு பால்மரத் தொழிலாளியும் அவன் மனைவியும்.

“கரித்தூள் தேச்சுத் தேஞ்சதுங்க ஐயா,” என்றான் அவன்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் அவன் வாய்க்குள் பார்த்தார். “கரித்தூளா? அப்படின்னா ஈறோரமா பள்ளம் விழுந்திருக்கும். புளிப்பு அரிச்சா வழவழன்னு குழிஞ்சிருக்கும். உனக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரே மட்டமாத் தேஞ்சு, கச்சிதமாப் பொருந்துது. தூக்கத்துல பல்லக் கடிக்கிறியா?”

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

“நறநறன்னு கடிக்கிறாருங்க,” என்றாள் மனைவி. “பக்கத்து வீட்டுக்கே கேக்குது. மண்டோர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கடிக்கிறாரு.”

“சும்மா இரு புள்ள. பின்னாலதான் நிக்கிறாரு.”

அவள் திரும்பிப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மண்டோர் அவளை ஏசவில்லை. கன்னத்திலிருந்து கையை மட்டும் எடுத்துவிட்டார்.

“மண்டோர், உங்களுக்கும் பல்லா? வாங்க, வாயத் திறங்க,” என்றார் டிரஸ்ஸர்.

“இல்லைங்க, வயித்து வலி,” என்றார் மண்டோர், பல் வெளியே தெரியாமல்.