சோலார் பாய்

முத்தையாபுரம் பஸ்ஸில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டதா, என் கைதான் சூடாக இருக்கிறதா என்று தெரியவில்லை. முன்சீட்டில் இருவர். ஒருவர் பாய்மரத் தோணிக்காரர், மற்றவர் அந்தத் தோணிக்கு சோலார் பேனல் ஒட்டிய மெக்கானிக் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"கரண்டு ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சிட்டேம்ல. உங்கப்பா பேனல் மேல படுத்துத் தூங்குதாரு."

"என்னது?"

"வளையிற பேனலுன்னாலும் ஆள் படுத்தா உள்ள விரிசல் விட்டுரும். அவருகிட்ட அதை என்னன்னு சொன்ன?"

"பாய் மாதிரி சுருட்டில்லா வந்துச்சு? சோலார் பாய்னு சொன்னேன். அதுக்காகப் படுக்கச் சொன்னனா?"

"தோணியில விரிக்கிற பாயும் அவருக்குப் படுக்கிற பாய்தாம்ல. கொழும்புக்குப் போன காலத்துல, இறக்கின பாயை மடிச்சுப் போட்டு அங்கனதான் படுப்பாராம். பொழுது சாஞ்ச பெறவும் வெயில் சூடு முதுகுல ஏறுமாம். இதுலயும் அதே சூடு இருக்குன்னு சிரிக்காரு."

தோணிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உப்பளங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"புதுசு ஒட்டித் தாரேன். ஆனா இனிமே அவரைத் தோணியில ஏத்தாத. திரும்பப் படுத்துருவாரு."

"புதுச கேபின் மேல ஒட்டு."

"ஏலே, அங்கன பாய் நிழல் விழும். பாதி கரண்டுதான் தேறும்."

"பாதி போதும்ல. அவரு படுக்கிற இடத்துல கை வைக்காத."