அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாவல்

அவையை ஆளும் தலைவர் மனோகரன் அவர்களே! காஹாங்கிலிருந்தும் மெர்சிங்கிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! காலை ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கதை கேட்க வந்தவர்களே, காப்பிக்காக வந்தவர்களே! தெப்ராவ் வாசகர் வட்டத்து லோஷினியின் வணக்கம், வாய் நிறைய, நெஞ்சு நிறைய!

பேசப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எனக்கோ இன்று குதிக்கத்தான் தோன்றுகிறது. யார் அது பின்வரிசையில், குதி என்பது? சேலை கட்டியிருக்கிறேன், அண்ணே!

'நாற்பத்தேழாம் நிரை.' இந்த ஜொகூர் மண்ணில் நிரை நிரையாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களைப் பற்றி, எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நாவல். அதற்கு எத்தனை விழா எடுத்தோம்! எத்தனை மாலை, எத்தனை பொன்னாடை, எத்தனை குத்துவிளக்கு! எவர் வாழ்க்கை அதில் இருக்கிறதோ, அவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்? தோட்டத்தை விற்றார்கள். தோட்டத்தோடு பள்ளியை மூடினார்கள். பள்ளியோடு எழுத்தை மூடினார்கள். அதன்பின் நாம் மேடையேறி, 'தமிழன் படிப்பதில்லை' என்று பெருமூச்சு விட்டோம். வெட்கமாக இல்லையா நமக்கு?

எங்களுக்கு வெட்கமாக இருந்தது. பதினொரு பேர் கூடினோம். நாவலை வாய்விட்டுப் படிப்போம், பதிவு செய்வோம், இணையத்தில் இலவசமாக விடுவோம் என்று முடிவெடுத்தோம். எழுத்தாளரின் குடும்பம் மனமுவந்து அனுமதி தந்தது. ஆனால் இடம்? ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாங்கள் எங்கே போவது? சிக்கந்தர் பாய் தம் சாப்பாட்டுக் கடையின் அரிசி அறையைத் திறந்துவிட்டார். அரிசி மூட்டை இருக்கிறதே, அது ஓசையை அப்படியே விழுங்கிவிடும்!

"உள்ள உக்காந்து என்னா வேணாலும் படிங்க லா! அரிசி தீர்ந்தா மட்டும் கதவ தட்டுவேன்" என்றார் பாய்.

படித்தோம். அங்கேதான் பெரும்பிழை செய்தோம்.

நாங்கள் பதினொரு பேரும் யார்? தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள்! ஒலிவாங்கியைக் கண்டால் எங்களுக்குள் ஒரு பத்து வயதுப் பிள்ளை துள்ளி எழுந்துவிடும். முதல் அத்தியாயத்தை ஷான் தொடங்கினார்: "நீதி வழுவா நீதிபதிகளே! மணி காப்பாளர் அவர்களே!" அதன் பிறகுதான் கதைக்கே வந்தார். எங்களில் ஒருவராவது சிரித்தோமா? இல்லை! அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோகும் அத்தியாயத்தை ஃபெலிசியா மணி அடிப்பதற்குள் முடிக்கும் வேகத்தில் முழங்கி, "வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்று முடித்தார். நாங்கள் கைதட்டினோம். அதுவும் பதிவாகிவிட்டது! சிரியுங்கள், தாய்மார்களே, தாராளமாகச் சிரியுங்கள்!

எங்களைக் காப்பாற்றியவர் மரியநாதன் அண்ணன். காஹாங்கிலிருந்து பாசிர் கூடாங் துறைமுகத்துக்குச் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவர். வழியில் பாய் கடையில் தேநீர் குடிப்பார். பதிவைக் கேட்டுப் பார்க்கட்டுமே என்று பாய் அவரை உள்ளே தள்ளிவிட்டார். பத்து நிமிடத்தில் காதிலிருந்து கருவியைக் கழற்றினார்.

"ஏம்மா, கொழந்த செத்துப்போச்சு. இவங்க ஏன் கப்பு வாங்கப் போற மாதிரி கத்துறாங்க?"

"அது உணர்ச்சிண்ணே" என்றார் ஷான்.

"உணர்ச்சியா? எங்க தோட்டத்து லயத்துல சாவு விழுந்தா சத்தமே வராது, தம்பி. மறுநா இருட்டுல பெரட்டுக்கு போயி நிக்கணும், பேரு கூப்பிடுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்களே படிச்சுக் காட்டுங்கண்ணே" என்று புத்தகத்தை நீட்டினேன். வாங்கினார். பார்த்தார். "கண்ணாடி கொண்டாரல" என்றார்.

பாய் விடுவாரா? "அலமாக், மரியா! நேத்து என் போன்ல பந்து விளையாட்டு கோல் கணக்க கண்ணாடி இல்லாமதானே பாத்தே?"

அண்ணன் புத்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு அவரே சொன்னார். "ரெண்டாம் வகுப்போட தோட்டத்துப் பள்ளிய மூடிட்டாங்க. அடுத்த தோட்டத்துல பள்ளியே இல்ல. தமிழெழுத்து எனக்கு வராதும்மா. எம்மக அபிகெயில் யுனிவர்சிட்டில படிக்குது. மூணு வருசம் முன்ன இதே பொஸ்தகத்த எனக்கு வாங்கிக் குடுத்துச்சு. லாரியிலதான் கெடக்கு. படிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். எந்த எடம் புடிச்சிச்சுப்பான்னு கேக்கும். எல்லாந்தாம்மான்னு சொல்வேன். எத்தன நாளைக்கு?"

அவையோரே, அதுவரை பதிவான அத்தனையையும் அன்றே அழித்தோம். முதலிலிருந்து தொடங்கினோம். பள்ளிக்கூடம் கட்டித் தரச் சொல்லித் துரையின் முன்னால் ஒரு தொழிலாளி நிற்கும் பத்தொன்பதாம் அத்தியாயத்தை மரியநாதன் அண்ணனே பேசவேண்டும் என்றோம். எப்படி? நான் வெளியே நின்று மெல்லிய குரலில் ஒரு வரி படிப்பேன். அது அவர் காதுக்குள் போகும். அவர் மூட்டைகளுக்கு நடுவே அமர்ந்து அதைத் தம் குரலில் சொல்வார். வரிவரியாக, வாரவாரமாக, ஏழு வாரம்!

ஒரு வரியில் நிறுத்தினார். "இன்னொரு தடவ சொல்லும்மா."

"புரியலையாண்ணே?"

"புரிஞ்சிச்சு. அதான்."

தம் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. இன்று காலை நாவல் முழுவதும் இணையத்தில் ஏறியது. இலவசம்! எவரும் கேட்கலாம், எங்கும் கேட்கலாம், எழுத்தை மூடியவர்களின் காதிலும் விழட்டும்! நண்பகலில் அபிகெயில் அவரைப் போனில் அழைத்துவிட்டார்: "அப்பா, அது உங்க குரல்தானே? எவ்ளோ அழகா படிச்சிருக்கீங்க!"

படித்திருக்கிறீர்கள்! பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பொய் பொன்னாகியிருக்கும். ஆனால் நான் மேடையேறும் முன் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "லோஷினி, எம்பேரயும் சொல்லு, எனக்கு படிக்கத் தெரியாதுன்னும் மேடையில சொல்லிடு."

"அண்ணே, அபிகெயில் முன்வரிசையில உக்காந்திருக்காங்க."

"அதுக்குத்தான் சொல்லச் சொல்றேன். எட்டு வயசு பயலுக்கு என்னா வெக்கம்? பள்ளிக்கூடத்த மூடிட்டுப் போனவன் வெக்கப்படட்டும்."

சொல்லிவிட்டேன், அண்ணே! உரக்கச் சொல்லிவிட்டேன்!

அபிகெயில் எழுந்துவிட்டார். அழவில்லை, சிரித்துக்கொண்டே ஓடுகிறார்! ஐயா, அந்த நாற்காலியை நகர்த்துங்கள். அம்மா, கொஞ்சம் வழி விடுங்கள். அவர் அப்பா அதோ, கதவோரம் நிற்கிறார். இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். அறை தந்த பாய்க்கும், குரல் தந்த தோழர்களுக்கும், செவி தந்த உங்களுக்கும் நன்றி. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்புங்கள். என் வணக்கமும் அங்கேதான்.