மகாராஜன் வாங்கிய கேபினட்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேபினட்டின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போனவன் வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்வது மாதிரி. உள்ளே எத்தனை விளக்கு எரியும், என்ன கலரில் எரியும் என்று கேட்பார்கள். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு நீளம், அது இந்தப் பெட்டிக்குள் போகுமா, போனால் அதன் சூடு எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்ட ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராஜபாளையம் ரோட்டில் நான் கடை போட்ட நாள் முதல் பொருந்தாத ஒரு கார்டைக்கூட யார் தலையிலும் கட்டியதில்லை. பேச்சிராஜா கடையில் எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார். மற்றதைப் பிறகு எழுதலாம்.

நீங்கள் கூப்பிடாமலே நான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். மகாராஜன் விஷயமாகத்தான். அவனை உங்களுக்குத் தெரியும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். வாசுதேவநல்லூர் வரைக்கும் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் அவனிடம்தான் கொடுப்பார்கள். அவனுடைய முதல் கம்ப்யூட்டரை நான்தான் பாகம் பாகமாகச் சேர்த்துக் கொடுத்தேன். கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து எந்த ஸ்குரூ எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதெல்லாம் அவன் மேல் எனக்குப் பிரியம்தான்.

பிறகு அவன் யூடியூப் சேனல் ஆரம்பித்தான். ஒரு வீடியோவில் என் கடைக்கு எதிரே நின்றுகொண்டு, உள்ளூர்க் கடைக்காரர்களிடம் ஏமாறாதீர்கள், எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்குங்கள், மாட்டுவது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று பேசினான். கடைப் பெயரை மட்டும் மறைத்திருந்தான். மஞ்சள் போர்டும் வேப்பமரமும் அப்படியே தெரிந்தன. சங்கரன்கோவிலில் அது யார் கடை என்று தெரியாதவன் கிடையாது.

அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வரத்து நின்றது என்று சொன்னால் பொய். வந்தார்கள். ஆன்லைனில் வாங்கியதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி, இது ஏன் ஆன் ஆகலை, அண்ணாச்சி, இதுல ஏன் படம் வரலை, ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லுங்க. வாங்கும்போது வேண்டாதவன் கெட்டுப்போனால் மட்டும் வேண்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கத்தவில்லை. எனக்குக் கத்தும் பழக்கமே கிடையாது. என் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் சிரித்த முகமாகப் பார்த்துக் கொடுத்தேன். உள்ளே மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

புரட்டாசி பிறந்த சமயம் மகாராஜனே வந்தான். கையில் அவன் புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர். சின்னக் கேபினட். இரும்பு உடம்பு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எடிட்டிங் வேலை சூடு பிடிக்கும்போதெல்லாம் திரை கறுத்துவிடுகிறது, முகூர்த்த வீடியோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்றான். என் கடைக்கு எதிரே நின்று எடுத்த அந்த வீடியோவைப் பற்றிப் பேசுவானா என்று பார்த்தேன். பேசினான்.

“அதை மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி. வியூஸுக்காகப் போட்டது.”

நான் மூடியைக் கழற்றினேன். அந்தப் பெட்டிக்கு அந்தக் கார்டு நீளம். போகவில்லை என்றதும் இந்த மகாபுத்திசாலி உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தை ரம்பத்தால் அறுத்து இடம் பண்ணியிருக்கிறான். அறுத்த விளிம்பை அரம் போட்டுத் தேய்க்கக்கூட இல்லை. பிளேடு மாதிரி நிற்கிறது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளில் பவர் சப்ளை முன்பக்கம் இருக்கும். பின்னால் நாம் சொருகுகிற வீட்டுக் கரண்டு ஒரு ஒயர் வழியாகப் பெட்டிக்குள்ளேயே ஓடி முன்னால் போகும். அந்த ஒயர் அறுத்த விளிம்பின் மேல் கிடந்தது. மேல் தோல் கிழிந்து, உள் தோலும் கீறி, செம்பு ஒரு தலைமுடி அளவுக்கு மினுங்கியது.

அது இரும்பைத் தொட்டால் பெட்டி முழுக்கக் கரண்டு பாயும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், ஆள் பிழைப்பான். நம் ஊர் வீடுகள் பாதியில் பிளக் பாயிண்டில் மூன்றாவது துளை இருக்கும், சுவருக்குள் அதற்கு ஒயர் இருக்காது. மகாராஜன் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் முதல் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தவன் நான்தானே. அப்போதே எர்த் இழுக்கச் சொன்னேன், பார்க்கலாம் என்றான்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சார். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

“தம்பி, இந்தச் சட்டத்தை அறுத்திருக்கீங்களே, இங்கன...” என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் நான் பாத்துட்டேன் அண்ணாச்சி. சூப்பரா உக்காந்துருக்கு. நீங்க கார்டை மட்டும் பாருங்க, போதும்.”

சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையில் செல்போனைப் பிடித்து நான் செய்வதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். சரி என்று கார்டை மட்டும் பார்த்தேன். கார்டுக்குப் போகிற பவர் கேபிளின் தலை முழுசாக உட்காரவில்லை, கேபினட் மூடி அதை வளைத்து நெருக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரியாக உட்கார வைத்து, கேபிளை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டேன். திரை கறுப்பது நின்றுவிட்டது. கேட்ட வேலையைச் சுத்தமாகச் செய்தேன். அந்த ஒயரை நான் தொடவே இல்லை. என் மேஜையில் டேப் இருந்தது. அதையும் தொடவில்லை.

நாலைந்து நாளில் அவன் சேனலில் புது வீடியோ வந்தது. என் கைகள், என் ஸ்குரூடிரைவர், என் மேஜை. குரல் மட்டும் அவனுடையது. திரை கறுப்பதற்குக் காரணத்தை நானே ராப்பகலாக ஆராய்ந்து கண்டுபிடித்தேன் என்கிறான். கீழே நூறு பேர் அவனைப் பாராட்டியிருக்கிறார்கள். அதைக் கடையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவினேன். அவ்வளவு ஆத்திரம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை. அப்போதும் கத்தவில்லை.

அதற்கு மறுவாரம் வேல்விழி போன் செய்தாள். மகாராஜன் மனைவி. அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எங்கே பார்த்தாலும் நின்று, கடை எப்படி அண்ணாச்சி, வீட்டில் சுகமா என்று கேட்காமல் போக மாட்டாள். அந்த முதல் வீடியோவுக்குப் பிறகு என்னைப் பார்த்துத் தலை குனிந்தவளும் அவள் ஒருத்திதான்.

“அண்ணாச்சி, அந்தப் பெட்டியைத் துடைக்கயில கை சுருக்குன்னு இழுத்துச்சு. இழுத்த உடனே வீடு பூரா கரண்டு போயிருச்சு. அவுகட்ட சொன்னா சிரிக்காக. எனக்குப் பயமா இருக்கு.”

அவர்கள் வீட்டில் புது டிரிப்பர் போட்டிருந்தார்கள். கசிவு வந்தால் கரண்டை நிறுத்திவிடும் பெட்டி. அதுதான் அவளைக் காப்பாற்றியது. எனக்கு உடனே புரிந்தது. ஒயர் இரும்பைத் தொட்டுவிட்டது.

“இரும்புன்னா அப்படித்தாம்மா இருக்கும். பயப்படாதீங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். நான் அவளுக்கு உண்மையைச் சொன்னால் அவள் அவனிடம் சொல்வாள். அவன் என்னிடம் கொண்டு வருவான். நான் ஒரு டேப்பைச் சுற்றிக் கொடுப்பேன். அடுத்த வாரம், கேபினட்டில் ஷாக் அடிக்கிறதா, நான் கண்டுபிடித்த தீர்வு என்று வீடியோ வரும். இன்னொரு முறை என் கையை அவன் குரலுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. இதில் நியாயம் இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

பிறகு டிரிப்பர் அடிக்கடி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் பாதி எடிட் போய்விடுகிறது என்று மகாராஜன் போனில் புலம்பினான். நான் அவனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அது அவன் போனில் இன்னும் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த டிரிப்பர் ரொம்ப நுணுக்கம், கம்ப்யூட்டருக்கு ஒத்துவராது, மூக்காண்டியைக் கூப்பிட்டு அந்த ரூம் லைனை மட்டும் அதிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள் என்று சொன்னேன். அமைதியாக, தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் மூக்காண்டி சொன்னதைச் செய்கிறவன். பிரித்துவிட்டான். அவனை நீங்கள் உட்கார வைத்து அடிப்பதில் அர்த்தமே இல்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்து வந்தது ஆயுத பூஜை. நம்மூரில் அன்றைக்குத் தறி முதல் தையல் மெஷின் வரைக்கும் குளித்துவிடும், சார். கம்ப்யூட்டரும்தான். கரண்டு சாமான் ஆயிற்றே என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைப்பவர்கள் குறைவு. ஈரத் துணியால் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, பூ சாற்றுவார்கள். பூஜையில் விளக்கு எரிய வேண்டும் என்று சில வீடுகளில் ஆன் செய்தும் வைப்பார்கள். தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். காலில் செருப்பு இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கடையிலும் அன்றைக்கு அப்படித்தான் நடக்கிறது. ஒரே வித்தியாசம், நான் மெயினை அணைத்துவிடுவேன்.

மகாராஜன்தான் துடைப்பான் என்று நினைத்தேன். அவன் பெட்டி, அவன் பெருமை, அவன்தானே பொட்டு வைக்க வேண்டும்? அவன் வைக்கவில்லை. பூஜையைப் படம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வேல்விழி கையில் ஈரத் துணி இருந்தது.

நான் வீட்டில் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பொரித் தட்டை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கைவிரல்களில் சந்தனம் காய்ந்திருந்தது. எனக்கு வந்த முதல் கோபம் மகாராஜன் மேல்தான். ஒரு பொட்டு வைக்கக்கூடப் பெண்டாட்டி வேண்டுமா இவனுக்கு?

நான் ஏன் வந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. நேற்றுப் பேப்பரில் உங்கள் பேரில் வந்திருக்கிறது, கேபினட்டுக்குள் இருந்த பழுதை யாரும் கவனித்திருக்க வாய்ப்பில்லை என்று. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மேஜையில் மூடி கழன்று கிடந்த ஒரு பெட்டியில் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை என்று எழுதுவீர்களா? கவனித்தேன். மூடியைக் கழற்றிய உடனே கவனித்தேன். எந்த இடம், எவ்வளவு கிழிசல், எப்போது தொடும் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். டிரிப்பரைப் பிரிக்கச் சொன்னதும் தெரிந்துதான். வேல்விழியைக் கொன்றது நான். திருத்தி எழுதுங்கள்.

வேல்விழியை எடுத்துப் போகும்போது மகாராஜன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை பேர் முன்னிலையில்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் உங்க கடையிலயே எடுத்திருக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் தொழில்காரர்” என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்து, விம்மி அழுதுவிட்டேன். வேல்விழிக்காக அழுகிறேன் என்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள், சார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.