ரெண்டு கையும் நீட்டினா

— இப்பிடிப் பிடிக்கணும் புள்ள. முழங்கைக்குக் கீழ, ரெண்டு கையையும். அந்த ஊர்ப் பெரியவரைக் கண்டா அவரு உங்கட கையைப் பிடிப்பாரு, நீங்க அவருட கையைப் பிடிக்கணும். நேத்துப் பயிற்சில அந்த மனிசன் அப்பிடித்தானே காட்டினாரு?

— ஹமீட் காக்கா, முதல்ல ஸ்டியரிங்கைப் பிடிங்க. வேன் வயலுக்குள்ள போகப்போகுது.

— என்ட வேன் எனக்கு முந்தி ரோட்டைப் பார்க்கும். உங்கட முகம் என்ன, சுருங்கிக் கிடக்கு?

— நேத்து நான் கூட வேலை செய்யிற ஸுலைஹாட கையைப் பிடிச்சுத்தான் பழகின. இண்டைக்கு முன்னால நிக்கப்போறது ஆம்பிளை. வாப்பாட கூட்டாளிமாருக்கே நான் கை குடுக்கிறல்ல.

— அதை நேத்தே கேட்டிருக்கலாமே றுமைஸா?

— கேட்ட. "அவங்கட பண்பாட்டை மதிக்கிறதுதான் இந்தப் பயிற்சி, மிஸ்" எண்டு சிரிச்சிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டாரு. உங்களுக்கு எங்க கேட்டிருக்கும்? நல்ல நித்திர.

— புரியாணிக்குப் பிறகு யாரு புள்ள முழிச்சிரிப்பா? ஆனா ஒண்டு காதுல விழுந்திச்சு. "வேடன்" எண்டு கதைக்கக் கூடாதாம், "ஆதிவாசிகள்" எண்டு செல்லணுமாம்.

— அவங்க அவங்களை என்னண்டு செல்லுவாங்க, காக்கா?

— அது எனக்கெங்க தெரியும்?

— எனக்கும் தெரியா. பொழுது படுமட்டும் அவங்களைப் பத்தித்தான் கதைச்ச. அந்த ஊரால ஒரு ஆளும் மண்டபத்துல இருக்கல்ல.

— சரி, கையுறையைப் போடுங்க. கிளினிக் பெட்டில கிடக்கும்.

— அல்லாவே! கையுறையோட ஒரு பெரிய மனிசனுக்கு முன்னால நிண்டா, வருத்தக்காரனைத் தொடுற மாதிரி இரிக்காதா?

— அப்ப எனக்கிட்ட உடுங்க. ரெண்டு கையையும் நான் பிடிக்கன். நீங்க பின்னால நில்லுங்க.

— ட்ரைவர் முன்னால, ஒபிசர் பின்னால. மறுகா அனுமதி கேக்கிறது யாரு? போன முறை எங்கட ஆக்கள் கேக்காமக் கொள்ளாமக் கிளினிக்குக் கூடாரம் அடிச்சதுக்குத்தான் அந்தப் பெரியவர் திருப்பி அனுப்பின. இந்த முறை முறையாக் கேட்டு வாங்கச் செல்லி என்னை அனுப்பியிரிக்கி. இண்டைக்கும் "வேணாம்" எண்டாருண்டா, கிளினிக் வேற ஊருக்குப் போயிரும். வயித்துப் புள்ளக்காரியள் யானை திரியிற காட்டு வழியால ஆஸ்பத்திரிக்குப் போகணும் காக்கா. என்ட கையால அது கெட்டுப் போயிரக் கூடாது.

— அப்ப பிடிங்களன். நல்ல எண்ணம், நல்ல நிய்யத்துத்தானே?

— லேசாச் செல்லுறீங்க. பிடிச்சா எனக்கு மனசு சரிவராது. பிடிக்காட்டி அவருக்கு மரியாதையில்ல. ஏன் காக்கா, அவங்கட பொம்புளையள் எப்பிடிச் சந்திக்கிற? அவங்களும் இப்பிடித்தான் கையைப் பிடிப்பாங்களா?

— நல்ல கேள்வி. கேக்கிற இடந்தான் பிழை.

— பெரியவர்ட ஊட்டு நம்பர் இரிக்கா?

— மருமகள்ட நம்பர் இரிக்கி. வழி கேக்க வாங்கின.

— வேனை ஓரத்துல நிப்பாட்டுங்க. எடுத்துக் கேளுங்க.

— என்னண்டு கேக்கிற? "உங்கட மாமாட கையைத் தொட ஏலா" எண்டா?

— ஓம், உள்ளதைச் செல்லுங்க. "எங்கட மிஸ் முஸ்லிம் பொம்புள, ஆம்பிளையளுக்குக் கை குடுக்கிறல்ல. பெரியவருக்கு மனசு நோகாம எப்பிடி மரியாதை செய்யலாம்?" எண்டு கேளுங்க. அவங்களுக்குச் சிங்களம்தான் விளங்கும், என்ட சிங்களம் அரைகுறை. உங்கட வாய்தான் நல்லா ஓடும்.

— இரிங்க, அடிக்குது... ஹலோ நங்கி! கல்முனைக் கிளினிக் வேன்... ஓவ், ஓவ்...

— என்ன செல்லுறா? காக்கா! என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?

— பொறுங்க புள்ள, அவ இன்னும் லைன்ல நிக்கிறா. அவங்களுக்கும் ஒரு பயிற்சி நடந்ததாம், போன கிழமை.

— என்ன பயிற்சி?

— எங்களைப் பத்தி! முஸ்லிம் பொம்புள ஊருக்கு வந்தா எப்பிடி மரியாதை குடுக்கிற எண்டு. அதே மனிசன்தானாம்.

— மெய்யா? என்னத்தைச் செல்லிக் குடுத்தாராம்?

— ஆம்பிளையள் முன்னால வரவே கூடாதாம். பெரியவர் விடியவே எல்லா ஆம்பிளையளையும் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு. எல்லாம் உங்களுக்கு மரியாதை!

— யா அல்லாஹ்! அப்ப நான் யாருக்கிட்ட அனுமதி கேக்கிற?

— அதைத்தான் நானும் கேட்ட. "வயித்துப் புள்ளையோட நிக்கிறது நாங்கதானே, எங்களுக்கிட்ட இது வரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல, மிஸ்ஸைக் கெதியா வரச் செல்லுங்க" எண்டு செல்லுறா.