சாமை வயலில் நீட்டிய கை

— மோதிரத்துல இன்னா இருந்துச்சின்னு சொன்ன, ஜெயப்பிரகாசு?

— கொத்தனாரு வெக்கிற மூலமட்டம், காம்பஸு. நம்ம சங்கத்து லாட்ஜ் சின்னமேதான்டா பிரவீனு. சாமை வயல்ல நின்னு, வெதைய உள்ளங்கையில வெச்சிப் பாத்துகினு இருந்தாரு. பளிச்சினு தெரிஞ்சிது.

— உடனே உனக்கு வாயெல்லாம் பல்லு.

— பின்ன? அமெரிக்காவுலேருந்து சாமை ஆராய்ச்சிக்கு வெள்ளிமலைக்கு வந்த மனுசன் நம்மள மாரியே ஃப்ரீமேசன் சங்கத்து ஆளுன்னா... சந்தோசம் இருக்காதா? சனிக்கெழம கூட்டத்துக்குக் கூட்டிக்கினு வரேன். நீதான செயலாளரு, சரின்னு ஒரு வார்த்த சொல்லு.

— முடியாது.

— ஏண்டா?

— நீ சேந்து மூணு மாசம்தான் ஆவுது. மொத நாளே இன்னா சொன்னேன்? மோதிரம் கடையில கெடைக்கும். அவரு லாட்ஜ நம்ம தலைமை ஏத்துக்கினு இருக்கணும். தலைமையிலேருந்து கடுதாசி வரணும். அப்பறம்தான் கதவு தொறக்கும்.

— கர்டிஸ் அண்ணன் பொய் சொல்ற ஆளு இல்ல.

— அதுக்குள்ள அண்ணனா!

— சிரிக்காதடா... அவரு கறுப்பரு. அவங்க ஊர்ல ஒரே தெருவுல ரெண்டு லாட்ஜாம். வெள்ளக்காரங்களுது ஒண்ணு, இவங்களுது ஒண்ணு. தாத்தா காலத்துலேருந்து இவங்கள மேசனுன்னே அவங்க ஒத்துக்கல. ஆறு வருசம் முன்னாடிதான் ஏத்துக்கறோம்னு கையெழுத்துப் போட்டாங்களாம்.

— ம்...

— அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி, இவர வாசல்லியே நிக்க வெச்சி அனுப்பிட்டாங்க. அவரு சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. எனக்குத்தான் எங்கப்பா நெனப்பு வந்துடுச்சி. எங்கப்பாவ கரும்பு வெட்டக் கூப்ட்டவங்க ஒரு நாளாவது வாசலத் தாண்ட உட்டாங்களா, பிரவீனு? நம்ம கதவுலயும் அவர நிக்க வெச்சா, நானும் வெளியவே ஒக்காந்துக்குவேன்.

— ஒக்காரு. கொசுவத்தி ஏத்தி வெக்கறேன்.

— வெளாடாதடா!

— சரி... வேற எதனா மறைக்கிறியா?

— இல்லியே.

— கை?

— எந்தக் கை?

— ஜெயப்பிரகாசு...

— ...மோதிரத்தப் பாத்த சந்தோசத்துல... நம்ம ரகசியக் கைகுலுக்கல... வரப்புலியே குடுத்துட்டேன்.

— அடப்பாவி! யாரு இன்னான்னு விசாரிக்காம குடுக்கவே கூடாதுன்னு படிச்சிப் படிச்சி சொன்னனே!

— அவருதான் வெடுக்குன்னு கைய இழுத்துக்கினாரே! ‘மொதல்ல உங்க செயலாளரக் கேளு தம்பி’ன்னுட்டாரு... ஆமா, இது உனக்கெப்படித் தெரியும்?

— அன்னிக்கி சாயங்காலமே அவரு எனக்கு மெயில் போட்டாரு. நான் நம்ம தலைமைக்கு எழுதுனேன். வரலாம்னு நேத்தே கடுதாசி வந்துடுச்சி. நீயா வாயத் தொறக்கறியான்னு பாத்தேன்... அவரு ஒண்ணே ஒண்ணு கேட்டிருக்காரு. வரப்புல இழுத்துக்கின கைய, சனிக்கெழம கதவுக்கு உள்ள வந்து நீட்டுவாராம். மொத ஆளா நீதான் புடிக்கணுமாம்.