சாந்தம்மாள் தலையில் இருந்த ஹெல்மெட்

பெயர் முத்துப்பேச்சி, வயது 29, காலஞ்சென்ற பிச்சைமணியின் மனைவி, இருப்பு போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்ட லயம். 1974-ஆம் வருடம் போலீஸ் விசாரணையில் சொன்னது:

என் கணவர் மலைப்பாதையை அகலப்படுத்தும் வேலையில் பாறைக்குத் துளை போடுபவர். மேலிருந்து கல் சரியும் இடம் என்பதால் காண்டிராக்டர் ஆண்களுக்கு ஹெல்மெட் தந்து, விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டார். அந்த மாதம் நாங்கள் கப்பைக்கிழங்கு தின்று கழித்தோம். ஜல்லி உடைத்துச் சுமக்கும் பெண்களுக்குத் தரவில்லை. கேட்டதற்கு சூப்பர்வைசர் வீரபாண்டி, "பொம்பளைகளுக்குத்தான் தலையில சும்மாடு இருக்கே" என்றாராம்.

அதன் பிறகு ஒரு நாள் ஹெல்மெட்டின் தாடை வாரில் புதிதாக ஒரு துளை இருக்கப் பார்த்தேன். என் கணவருக்கு அகலத் தாடை. அந்தத் துளையில் மாட்டினால் அவருக்கு மூச்சு முட்டும். வீட்டில் சாமி படம் மாட்ட ஓர் ஆணி அடித்துத் தராத மனிதர், யாருக்காகவோ ஆணியைக் காய்ச்சித் துளை போட்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

சம்பவ தினம் மதியம் நான் கஞ்சி கொண்டுபோனபோது, ஜல்லி உடைக்கும் சாந்தம்மாளுக்கு என் கணவர் தம் கையால் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் கல்யாணத்தில் எனக்குப் பூ வைத்துவிட்டதுகூட அவருடைய அக்காள்தான். "எந் தலைக்கு என்ன வச்சிருக்கீக?" என்று கேட்டேன். "உந் தலைக்கு மேல பாறை இல்ல புள்ள, அவ தலைக்கு மேல இருக்கு" என்றார். தூக்குச்சட்டியை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். அதன் பிறகு பாறை சரியும் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்ததில், என் கணவர் தலை உடைந்து இறந்து கிடந்தார். சாந்தம்மாளின் ஹெல்மெட்தான் நசுங்கியிருந்தது, தலையில் காயமில்லை. எனக்கு முந்தி அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு வீரபாண்டி லயத்துக்கு வந்து, "காண்டிராக்டர் தொப்பி குடுத்தாரு, அதை சாந்தம்மா களவாண்டுட்டான்னு சொல்லீரு தாயி. ஒனக்கு நட்டஈடு வாங்கித் தாரேன்" என்றார். அவளை ஜெயிலில் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அவள் திருடவில்லை, அவராகக் கொடுத்தார். என் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் திருட்டு என்றே சொல்லியிருப்பேன்.

காண்டிராக்டர் தம் காசில் எல்லோருக்கும் வாங்கித் தந்திருந்தால் சாந்தம்மாளுக்கும் ஒன்று இருந்திருக்கும், என் கணவரும் உயிரோடு இருப்பார். அவர் மனம் யாரிடம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்த ஹெல்மெட் எங்கள் கூலியில் வாங்கியது. வழக்கு முடிந்ததும் என்னிடமே தர வேண்டும், அவளிடம் தரக் கூடாது.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை ஏட்டு தமிழில் வாசிக்கக் கேட்டேன். நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

முத்துப்பேச்சி, இடது பெருவிரல் ரேகை.