எண்பத்து மூன்றாம் வருஷத்துத் தோட்டா

மனைவி: மறுபடியும் மொதல்லேர்ந்து வாங்க. மாட்டிக்கிட்டது யாரு?

கணவர்: அதான் சொன்னேனே... ஆயுதக் கிடங்குல என்கூட வேலை பாக்குறவன். அவனும் ஸ்டோர்கீப்பர்தான்.

மனைவி: பேரு?

கணவர்: பேரு எதுக்கு? கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போறே?

மனைவி: சரி, யாரோ ஒருத்தன். என்ன பண்ணினான்?

கணவர்: ஒண்ணுமே பண்ணலடி! பழைய இரும்புக் கடையில ஒரு பெட்டி ரைபிள் தோட்டா சிக்கியிருக்கு. ஒவ்வொரு தோட்டா அடியிலயும் எம்பத்தி மூணுன்னு குத்தியிருக்கு. எம்பத்தி மூணாம் வருஷத்துச் சரக்கு எங்க கிடங்குல மட்டும்தான் இருந்துச்சு.

மனைவி: இப்ப இல்லையா?

கணவர்: போன வருஷமே மொத்தத்தையும் அழிச்சாச்சு. ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு கையெழுத்துப் போட்டது நா... அவன்.

மனைவி: ம்ம். அவன்.

கணவர்: நாளைக்கு விசாரணை. வேலையும் போயிடும், கம்பியும் எண்ணணும்.

மனைவி: சிநேகிதனுக்காக இவ்வளவு உருகுறீங்க! எனக்குத் தலைவலின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க.

கணவர்: விளையாடாதே. மாத்திரைக் கம்பெனியில அட்டை அட்டையாப் பொடி நம்பர் பாத்துப் பழகின கண்ணாச்சேன்னு உன்கிட்ட கேக்குறேன். இதோ போட்டோ. ஆறு தோட்டா. சஸ்பெண்ட் மெமோவோட அவனுக்குக் குடுத்தது.

மனைவி: குடுங்க... ஓரத்துல என்ன இது, செக்கச்செவேல்னு?

கணவர்: துரு. பழசு இல்லையா...

மனைவி: உங்க தோட்டாவெல்லாம் எதுல செஞ்சது?

கணவர்: பித்தளை.

மனைவி: நம்ம குளியலறைக் குழாயும் பித்தளைதான். என்னைக்காவது செவப்பாத் துருப்பிடிச்சுப் பாத்திருக்கீங்களா?

கணவர்: பித்தளை எங்க துருப்பிடிக்கும்? பச்சையால்ல பூக்கும்! துரு இரும்புக்குத்தான்...

மனைவி: ம்... சொல்லுங்க, சொல்லுங்க.

கணவர்: இரும்பு! மேல பூச்சு பூசின இரும்பு! எங்க சரக்கே இல்லடி இது!

மனைவி: மெதுவா! பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்குறாங்க.

கணவர்: பாக்கட்டும்!... இரு. அப்ப எம்பத்தி மூணு? ஆறுலயும் அதேதான் இருக்கு. அதிகாரி அதைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டாரே.

மனைவி: எதிர்ப்பக்கம் இன்னொரு நம்பர் இருக்கே.

கணவர்: அம்பத்தாறு. அது வரிசை நம்பர். மேல வருஷம், கீழ வரிசை. எங்க கிடங்குல அப்படித்தான்.

மனைவி: வட்டத்துல ஏதுங்க மேல, கீழ? போட்டோவைத் தலைகீழாப் பிடிங்க.

கணவர்: அட, இப்ப அம்பத்தாறு மேல வந்துடுச்சு!

மனைவி: மத்த அஞ்சுலயும் அந்த நம்பரைப் படிங்க.

கணவர்: அம்பத்தி நாலு. அம்பத்தஞ்சு. மறுபடி அம்பத்தி நாலு... அம்பத்தாறு... அம்பத்தேழு.

மனைவி: எங்க கம்பெனி அட்டையில மாறிக்கிட்டே இருக்கிறது தேதி. மாறாதது, செஞ்சவன் நம்பர்.

கணவர்: அப்ப... வருஷம்தான் அம்பத்தாறு! எம்பத்தி மூணு தொழிற்சாலை நம்பர்! அடச்சே, எங்க கிடங்கு வழக்கத்துலயே எல்லாரும் படிச்சுத் தொலைச்சிருக்கோம்! நானும்தான்! எல்லாத்துலயும் எம்பத்தி மூணுன்னுதானே கழுத்தைப் பிடிச்சாங்க? அதேதான் இப்பக் காப்பாத்துது!

மனைவி: ஆடுனது போதும், நாற்காலி உடையப் போகுது.

கணவர்: ஆனா, எந்த நாட்டுத் தொழிற்சாலைன்னு கேட்டா?

மனைவி: கடல் தாண்டி, வெளிநாடு. அறுபத்தி ஒண்ணுலயே இழுத்து மூடிட்டாங்க. ராணுவத்துல மிஞ்சின சரக்கையெல்லாம் கப்பல் கப்பலா ஏலத்துல வித்துட்டாங்க. மூடின தொழிற்சாலை எம்பத்தி மூணுல எப்படிங்க தோட்டா செய்யும்?

கணவர்: இதெல்லாம் உனக்கு...

மனைவி: தோட்டா முத்திரைப் பட்டியல்னே ஒரு புத்தகம் இருக்கு. இந்தாங்க நகல். நூலக முத்திரையே வாங்கியாச்சு.

கணவர்: எம்பத்தி மூணு... அட, ஆமா! மூடின வருஷத்தோட போட்டிருக்கான்! இரு, போட்டோவை நான் இப்பத்தானே காட்டினேன்?

மனைவி: சட்டை துவைக்கிறது யாரு? போன வாரமே பையில பாத்துட்டேன். நீங்களா வாயைத் திறக்கட்டும்னு இருந்தேன்.

கணவர்: எதுவோ போகட்டும்... ஜெயிச்சாச்சுடி! இதை மேசையில தூக்கிப் போட்டா அந்த அதிகாரி மூஞ்சியில ஈயாடாது! அவன் தப்பிச்சான்!

மனைவி: சீருடையைக் கழட்டிக் குடுங்க. நாளைக்கு விறைப்பா இஸ்திரி போட்டுத் தர்றேன்.

கணவர்: எனக்கெதுக்கு? விசாரணை அவனுக்கு.

மனைவி: அவனுக்குத்தாங்க போடுறேன்.

கணவர்: ...மெமோவையும் படிச்சுட்டியா?

மனைவி: அதை வேற படிக்கணுமா? புத்தகம் கேட்டுப் போனப்பவே நூலகத்தம்மா சொன்னாங்க, "சத்தம் போடாம வாங்க, கடைசி மேசையில சீருடைக்காரர் ஒருத்தர் இருபது நாளா சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கிட்டுத் தூங்குறாரு"ன்னு. அந்தப் புத்தகம் உங்க தலைக்கு மேல இருந்த தட்டுலதாங்க இருந்துச்சு!